அணையாப் புண்

நண்டுத்துறையில் இறால் உரிக்கிற ஷெட்டின் சாக்கடையிலிருந்து சம்மனசுகள் ஏறி வந்த காலையில் ஊரார் எல்லோருக்கும் வேறு வேலை இருந்தது. ஆண்கள் கடலுக்குப் போயிருந்தார்கள், கோயிலின் பங்குச்சாமி கல்லறைத் தோட்டத்துச் சுவரைக் கோணலாகக் கட்டிய கொத்தனாரோடு சண்டையில் இருந்தார், ஷெட்டுக்குள் பெண்கள் ஐஸின்மேல் குவித்த இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டை நீக்கி, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை உருவி, கூடையை நிரப்பி, நிரம்பிய கூடையைத் தள்ளிவிட்டு அடுத்த கூடையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சலேத் மட்டும் கை கழுவ எழுந்துபோய், சாக்கடை ஓரம் குந்தி, வலது நடுவிரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள்.

இறாலின் கொம்பு குத்தாத கை அந்த ஊரில் கிடையாது. முன்பெல்லாம் குத்தின இடம் மஞ்சளுக்கு ஆறும், மஞ்சளுக்கு ஆறாதது மாத்திரைக்கு ஆறும். உப்போடைக்கு அந்தப்புறம் குட்டை வெட்டி இறால் வளர்த்தவர்கள், ஒரு இறால்கூட நோயில் செத்துவிடக் கூடாதென்று தீனியோடு மருந்தையும் மூட்டை மூட்டையாகக் கொட்டியதில், அழுகல் எல்லா மருந்தையும் தின்று பழகி, ஆஸ்பத்திரி மாத்திரையைப் பிள்ளைகள் மிட்டாய் சப்புவதுபோல் சப்பிவிட்டுத் தன் பாட்டுக்கு வளர்ந்தது. ஷெட்டில் விரல் குறையாத பெண்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சலேத்தின் நடுவிரலையும் வருகிற வாரம் எடுத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

அந்த விரலை அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை சாக்கடையின் விளிம்பில் வரிசையாக ஏறி வந்தன. கடுகளவு உடம்பு. தலை, பட்டை தீட்டிய கண்ணாடிக் கல். தலைக்குக் கீழே மெல்லிய குழல், குழலின் அடியில் சிலந்திக்கு இருப்பதுபோல் மடங்கி நீண்ட கால்கள் ஆறு. அவை அவளுடைய பாதத்தில் ஏறி, முழங்காலில் ஏறி, சேலை மடிப்பைக் கடந்து, நல்ல தோலை ஏறிட்டும் பார்க்காமல், சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் வழி கேட்காமல் போவதுபோல் நேராகப் புண்ணுக்குப் போய், ஆறு கால்களையும் ஊன்றி உட்கார்ந்தன.

"ஏளா பெல்சி, இங்க வாயேன். என் கையில என்னமோ ஊருது" என்றாள் சலேத்.

பெல்சி பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து உரிப்பவள். சிறுவயதில் ஒரே நாளில் இருவருக்கும் கோயிலில் புதுநன்மை, ஒரே வருடத்தில் கல்யாணம், ஒரே முதலாளியிடம் வசவு.

"பேனுதான் ஊரும். தலையச் சொறிஞ்சிட்டு வந்து கத சொல்லாத, மொதலாளி பாக்கான்" என்றாள் பெல்சி. சொல்லிக்கொண்டே எழுந்து வந்தவள், பார்த்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள், பிறகு தன்னுடைய அழுகின கட்டைவிரலையும் நீட்டினாள்.

மத்தியானத்துக்குள் இருவருக்கும் சீழ் வற்றியது. சாயங்கால மணி அடிக்கும்போது விரல், பிறந்த குழந்தையின் உள்ளங்கால்போல் சிவந்திருந்தது. உள்ளே போனவை கொஞ்சம், வெளியே வந்தவையோ கைகொள்ளாமல் இருந்தன. அரிசியைச் சுளகில் சரிப்பதுபோல் மெல்லிய சத்தத்தோடு அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறி வழிய, பெல்சி ஓடிப்போய் வீட்டு உப்புப் பரணியைக் கவிழ்த்துவிட்டு அதில் வாரிப் போட்டுக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கே பரணி சலேத்தின் வீட்டுக்குப் போனது. அவள் புருஷன் கஸ்பார் திருக்கைமீன் முள் ஏறிய காலோடு கட்டிலில் கிடந்தான். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று நாள் குறித்திருந்தார்கள். சலேத் பரணியை அவன் பாதத்தில் சாய்த்தாள். மூன்றாம் நாள் கஸ்பார் கடற்கரை நெடுக நடந்தான், எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் காலைத் தூக்கிக் காட்டினான், காட்டியதில் ஒருமுறை விழவும் செய்தான்.

சம்மனசு என்று யார் முதலில் சொன்னார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. மிக்கேல் சம்மனசு என்கிற வானதூதருக்குக் கோயில் கட்டியிருக்கிற ஊரில், வானத்திலிருந்து வந்தாலும் சாக்கடையிலிருந்து வந்தாலும், நல்லது செய்கிற ஒன்றுக்கு வேறு பெயர் தோன்றாது. பங்குச்சாமி மட்டும் பிரசங்கத்தில் கண்டித்தார். சம்மனசுக்கு வயிறு கிடையாது, இவை தின்கின்றன, ஆகவே இவை சம்மனசு அல்ல என்றார். அவருடைய குதிகாலில் கட்டி வந்த வாரத்திலிருந்து பிரசங்கம் வேறு பொருளுக்குப் போய்விட்டது. பெண்கள் சண்டையில் பரணிமேல் சத்தியம் செய்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள், பரணி இருக்கிற ஊரில் பெண் எடுக்கக் கொடுத்து வைக்க வேண்டும் என்றார்கள். ஷெட் முதலாளி, இனிமேல் எதற்கு என்று, கொடுத்துக்கொண்டிருந்த ரப்பர் கையுறையை நிறுத்தினார். குட்டைக்காரர்கள் இன்னும் இரண்டு மூட்டை மருந்தைச் சேர்த்துக் கொட்டினார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஆரிஃபா டாக்டர் வந்து பரணிக்குள் நெடுநேரம் பார்த்தார். சின்ன வயசு, சத்தமாகப் பேசத் தெரியாதவர்.

"இது வைரஸ்" என்றார்.

"யம்மாடி, கொரோனா மாதிரியா?" என்று பின்னால் நின்றவர்கள் இன்னும் பின்னால் போனார்கள்.

"இல்லக்கா. அது மனுஷங்களப் பிடிக்கும். இது பாக்டீரியாவ மட்டும்தான் பிடிக்கும், அதுலயும் ஒரே ஒரு வகையத்தான். உங்க புண்ணுல இருக்கே அழுகல், அதுமேல உக்காந்து தன்னோட வித்த உள்ள இறக்கிரும். அப்புறம் அந்தப் பாக்டீரியா சொந்த வேலைய விட்டுட்டு இதோட குஞ்சுகளாப் பெத்துப் போட்டு, கடைசியில வெடிச்சுச் செத்துரும்."

"வாடகைக்கு வந்தவன் வீட்ட எழுதி வாங்கின கததான்" என்றாள் பெல்சி.

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. "சாக்கடையில, கடல்ல, நம்ம வயித்துல, எல்லா இடத்துலயும் இருக்கு. ஆனா கண்ணுக்குத் தெரியாது."

"எங்களுக்குத் தெரியுதே."

"அதான் எனக்கும் புரியல" என்றார் டாக்டர். ஊரார் கொடுத்த கலர் சோடாவைக் குடித்துவிட்டுப் போனார்.

ஊரில் புண் தீர்ந்ததும் சம்மனசுகள் சாகத் தொடங்கின. பரணியின் அடியில் மைக்காத் தூள்போல் உதிர்ந்து கிடந்தன. கஞ்சித்தண்ணி வைத்தார்கள், தேன் வைத்தார்கள், இறால் தலை வைத்தார்கள், மந்திரித்த எண்ணெய் வைத்தார்கள், தூத்துக்குடியிலிருந்து மக்ரூன் வாங்கிவந்து பொடித்துத் தூவினார்கள். அவை எதையும் சீந்தவில்லை. கோயிலில் ஊர்க்கூட்டம் போட்டு, மறுபடி டாக்டரைக் கூப்பிட்டார்கள்.

"இதுக்கு அந்த அழுகல் மட்டும்தான் சாப்பாடு. நோய் போனா இதுவும் போயிரும்" என்றார் அவர். "எங்கிட்டக் கொஞ்சம் கொடுங்க. பெரிய ஆஸ்பத்திரி லேப்ல கண்ணாடித் தட்டுல அழுகல வளத்து, அதுல இதுங்கள வச்சுக் காப்பாத்தலாம். யாரும் புண்ணோட இருக்க வேண்டியதில்ல."

ஊர்த்தலைவர் லியோன் மொராயிஸ் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "கடலட்டைய அளக்கணும்னு ஆபீசருமாரு வந்தாவ. மறுவருசம் அட்ட பிடிச்சா ஜெயிலுன்னாவ. கேட்டுக் கொண்டுபோன எதத் திருப்பித் தந்திருக்காவ? குடுக்க முடியாதும்மா."

"அப்ப வேற வழி?" என்று கேட்டார் டாக்டர்.

வழி மொராயிஸின் தலைக்கு மேலேயே எரிந்துகொண்டிருந்தது. நற்கருணைப் பேழைக்கு முன்னால் தொங்குகிற அணையா விளக்குக்கு அந்த ஊரில் வீட்டுமுறை உண்டு. ஒரு மாதம் ஒரு வீடு எண்ணெய் ஊற்ற வேண்டும், தன் முறையில் விளக்கை அணையவிட்ட வீடு அடுத்த திருவிழாவில் சப்பரம் தூக்க முடியாது. அதைப்போலப் புண்ணுக்கும் ஒரு முறை வைத்துவிடுவோம் என்றார் மொராயிஸ். ஒரு மாதம் ஒரு வீட்டில் ஒருவர் புண்ணை ஆறவிடாமல் வைத்துக்கொள்வது, மாதம் முடிந்ததும் அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு ஆற்றிக்கொள்வது. எல்லோருக்கும் அது இவ்வளவு நேரம் தெரியாமல் போனதே என்றிருந்தது.

"ஒரே புண்ணுல ரெண்டையும் ரொம்ப நாள் சேத்து வச்சா அழுகலும் பாடம் படிச்சிரும். இதுங்க உக்கார முடியாதபடி தோல மாத்திக்கும்" என்று டாக்டர் சொன்னதை, மணி அடித்துவிட்டதால், யாரும் சரியாகக் கேட்கவில்லை.

அந்த வாரம் ஊரில் இருந்த ஒரே புண் சலேத்துடையது. கையுறை இல்லாமல் உரித்ததில் வலது உள்ளங்கையில் புதிதாகக் கொம்பு ஏறியிருந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கஸ்பாரின் காலைப் பார்த்தாள். "சரி, மொத முறை நான் வச்சிக்கிடுதேன்" என்றாள்.

"ரெண்டாவது முறை எங்க வீடு! எழுதிக்கோங்க மாமா" என்று பெல்சி பெண்கள் பக்கத்திலிருந்து கத்தினாள். சலேத்துக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

முறை இப்படி நடந்தது. காலையில் பரணியைத் திறந்து சம்மனசுகளைப் புண்ணில் விடுவார்கள். பகல் முழுக்கத் தின்று அவை பெருகும். விட்டுவைத்தால் விடிவதற்குள் புண்ணையே முடித்துவிடும் என்பதால், சாயங்காலம் பெல்சி ஒரு கோழியிறகைக் கொண்டுவந்து, ஒன்றுகூட மிஞ்சாமல் கையிலிருந்து வாரிப் பரணியில் போட்டு மூடுவாள். இரவில் அழுகல் இழந்த இடத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். ஒரு கையால் சலேத்துக்குத் தலைபின்ன முடியாது. இறகு வேலை முடிந்ததும் பெல்சியே எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, அன்றைக்கு ஷெட்டில் யார் யாரைத் திட்டினார்கள் என்று சொல்லிக்கொண்டே பின்னிவிடுவாள். நாளின் நல்ல நேரம் அதுதான் என்று சலேத் நினைத்துக்கொள்வாள்.

மாதம் முடிந்தது. பெல்சி சீலாமீன் குழம்போடு வந்தாள்.

"ஜெனோவாவுக்குப் பரீச்சைளா. பன்னெண்டாப்பு. வீட்டுல அழுகலு இருந்தா பிள்ள எப்படிப் படிப்பா? இந்த ஒரு மாசம் பொறுத்துக்கோ."

ஜெனோவா பெல்சியின் ஒரே மகள், சலேத்தின் மடியில் வளர்ந்தவள். சலேத் பொறுத்துக்கொண்டாள். அடுத்த மாதம் பெல்சி வீட்டில் வெள்ளையடித்தார்கள். மூன்றாம் வீட்டில் மகள் பேறுக்கு வந்திருந்தாள். நான்காம் வீட்டில் எல்லோருக்கும் சர்க்கரை வியாதி. அதற்கடுத்த வீட்டுக்காரர்கள், தங்களுக்கு முந்தின வீடுகள் முடிக்காமல் தங்கள் முறை எப்படி வரும் என்று நியாயம் கேட்டார்கள். காரணம் கொண்டுவந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. அல்வா வந்தது, கருவாடு வந்தது, ஒரு வீட்டிலிருந்து சேலைகூட வந்தது. வெளியூர்களிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தவர்கள் அவளைக் காயக்காரம்மா என்று கும்பிட்டார்கள். கஸ்பாருக்குக் கோயிலில் முன்வரிசை கொடுத்தார்கள், வருகிற படகிலெல்லாம் ஒரு பங்கு மீன் கொடுத்தார்கள், அவன் கடலுக்குப் போவதை மெல்ல மெல்ல விட்டான்.

புண் உள்ளங்கையை முடித்துவிட்டு மணிக்கட்டுக்கு வந்தது.

"நீங்களாவது கேளுங்க. என் கை போயிட்டு இருக்கு" என்றாள் சலேத்.

"எல்லாரும் எவ்வளவு மரியாதையா இருக்காவ பாத்தியா? என் காலு இருக்கதே இதாலதான். கொஞ்சம் பொறு." அவன் சொன்ன விதம், காலைக் கொடுத்தது ஊர், கையைக் கேட்பது இவள் என்பதுபோல் இருந்தது.

பரீட்சை முடிந்து ஜெனோவாவைக் கல்லூரியில் சேர்க்கப் பெல்சி பாளையங்கோட்டை போன அன்று, இறகை கஸ்பாரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கஸ்பார் டீக்கடையில் கிரிக்கெட் பார்த்துவிட்டு வந்து அப்படியே படுத்தான். சம்மனசுகள் இரவெல்லாம் புண்ணிலேயே தங்கின. விடிந்து சலேத் துணியை அவிழ்த்தபோது கையில் ஒரு சிவந்த கோடுதான் இருந்தது.

அவள் விரல்களை மடக்கினாள், நீட்டினாள். அடுப்படிக்குப் போய், வேண்டுமோ வேண்டாமோ, இருந்த வெங்காயத்தையெல்லாம் உரித்தாள். இரண்டு கையாலும் தன் தலையைத் தானே பின்னிக்கொண்டாள். பிறகு தெருவில் இறங்கி, வாசல் வாசலாகக் கையை நீட்டிக் காட்டிக்கொண்டு போனாள். "நல்லதுளா" என்றார்கள் பெண்கள், அவள் முகத்தைப் பார்க்காமல். ஒரு கிழவர் அழுதார். அவள் கடைசி வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் கோயில் மணி அடித்தது, கடலில் படகு கவிழ்ந்தால் அடிக்கிற அடி.

பெல்சி மத்தியான பஸ்ஸில் திரும்பி வந்தாள். சலேத்தின் வீட்டுக்குள் சிரித்துக்கொண்டுதான் நுழைந்தாள்.

"எங்க, காட்டு பாப்போம். அட, ஆமா! என்னளா இது, கல்யாணப் பொண்ணு கை மாதிரி இருக்கு."

சலேத் கொடுத்தாள். பெல்சி அந்தக் கையைத் தன் மடியில் வைத்து, தடவி, மோந்து, முத்தம் வைத்தாள். பின்னாலிருந்து கஸ்பார் வந்து சலேத்தின் தோள் இரண்டையும் பிடித்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அணைக்கிறான் என்று நினைத்து அவள் சாய்ந்துகொடுத்தாள். பெல்சி முந்தானை முடிச்சிலிருந்து ஒரு துணியை எடுத்தாள். சலேத்தின் பழைய சீழ்த்துணி. அதற்குள் இறால் கொம்பு ஒன்று இருந்தது. சிவந்த கோட்டில் அதை ஆழமாக இறக்கி, ஒரு திருப்புத் திருப்பி எடுத்தாள், இறாலின் நரம்பை உருவுகிற அதே லாவகத்தோடு.

"அணையவிடக் கூடாதுல்லா" என்றான் கஸ்பார் அவள் காதுக்குப் பக்கத்தில், கெஞ்சுகிற குரலில்.

"மன்னிச்சிரு. அடுத்த மாசம் சத்தியமா எங்க வீடு" என்றாள் பெல்சி. அவள் கண்ணிலும் தண்ணீர் வந்தது. பரணியைத் தொட்டுச் சத்தியம் செய்தாள்.

சலேத் கத்தவில்லை. அதன்பிறகு அந்த இருவரோடும் பேசவுமில்லை. காலையில் கையை நீட்டினாள், சாயங்காலம் நீட்டினாள். பெல்சி சீப்பை எடுத்தால் மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டாள். பின்னாத தலையோடு அவள் ஜன்னலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த வெளியூர்க்காரர்களுக்குப் பக்தி இன்னும் கூடியது.

மழைக்காலம் தொடங்கின ஒரு காலையில் சம்மனசுகள் புண்ணின் விளிம்புவரை போய் நின்றன. முன்னங்கால்களைத் தூக்கி வைத்துப் பார்த்தன, எடுத்தன, வேறு இடத்தில் வைத்துப் பார்த்தன. பூட்டு மாற்றிய வீட்டின் வாசலில் பழைய சாவியோடு நிற்பவர்களைப்போல் சற்று நேரம் நின்றுவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பின. சலேத் பார்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டர் சொன்னதை அன்றைக்கு அவள் ஒருத்திதான் காதில் வாங்கியிருந்தாள். அழுகல் பாடம் படித்துவிட்டது. அவள் கைதான் பள்ளிக்கூடம்.

ஒரே கையால் துணியைச் சுற்றி, மாற்றுச்சேலையைப் பையில் வைத்து, டவுன் ஆஸ்பத்திரிக்குப் பஸ் பிடிக்கக் கிளம்பியவள் வாசலில் பெல்சிமீது மோதிக்கொண்டாள். பெல்சி ஜெனோவாவை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். கல்லூரி லீவில் ஷெட்டுக்குப் போன பிள்ளை, சுட்டுவிரல் வீங்கி, நகம் கறுத்து நின்றாள்.

"பரணிய எடு சலேத். ரெண்டு நாளா விரல மறைச்சு வச்சிருக்கா பாவி."

"இதுங்க இனி உள்ள போகாது" என்றாள் சலேத். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவள் பெல்சியிடம் பேசிய முதல் பேச்சு. "இப்பதான் பாத்தேன். நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

பெல்சி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எங்கிட்டக் கோவம்னா என்னக் குத்து. பிள்ளகிட்டயா பழி தீக்கது? நீ தூக்கி வளத்த பிள்ளளா."

அவளே உள்ளே போய்ப் பரணியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். மணி அடித்தார்கள், ஊர் கூடியது. ஜெனோவாவின் விரலை வெள்ளைத் துணியில் கிடத்தி, பரணியைச் சாய்த்தார்கள். சம்மனசுகள் விரலில் ஏறின, கறுத்த நகத்தைச் சுற்றி நடந்தன, கால் வைத்துப் பார்த்தன, பிறகு ஒன்றும் செய்யாமல் மழைத்துளிகள்போல் வரிசையாக உட்கார்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மைக்காவாக உதிர்ந்தன. அந்த அழுகல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. சலேத்தின் கையை வாரிய இறகு பெல்சியின் அடுப்படி ஆணியில்தான் தொங்கியது.

கூட்டம் வெள்ளைத் துணியில் உதிர்ந்து கிடந்ததை எட்டி எட்டிப் பார்த்தது. பிறகு ஒவ்வொருவராக, கதவோரம் பையோடு நின்ற சலேத்தின் பக்கம் திரும்பினார்கள். மொராயிஸ் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"சலேத், உன் முறை முடிஞ்சிட்டும்மா. இனி நீ புண்ண ஆத்திக்கிடலாம். ஊரு குறுக்க நிக்காது."

அவர் குரலில் பெருந்தன்மை இருந்தது. நாலைந்து பேர் தலையாட்டினார்கள். நல்ல மனசு என்று யாரோ சொன்னார்கள், மொராயிஸைத்தான். கஸ்பார் முன்வரிசையில், எழுந்திருக்கலாமா கூடாதா என்று தெரியாதவனாக, பாதி எழுந்து உட்கார்ந்தான். சலேத் முழங்கைவரை சுற்றியிருந்த துணியைக் குனிந்து பார்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

டவுன் பஸ் வந்தபோது அவளுக்கு முன்னால் பெல்சியும் மகளும் ஓடிவந்து ஏறினார்கள். மூன்று பேர் உட்காருகிற சீட்டில் ஜெனோவா ஜன்னலோரம் சுருண்டாள். பெல்சி பக்கத்தில் உட்கார்ந்து, சேலையை இழுத்து ஒடுங்கிக்கொண்டு, ஓரத்தில் இடம் விட்டாள்.

"அத்த, இங்க வாங்க" என்றாள் ஜெனோவா.

"நீ சாஞ்சுக்கோ மக்கா. கையத் தொங்கப் போடாத, மேல தூக்கி வச்சிக்கோ. இன்னைக்கே போனா விரலோட நிறுத்திருவாவ."

"சலேத்" என்றாள் பெல்சி. இடம் விட்டிருந்த சீட்டின் ரெக்சினை உள்ளங்கையால் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். "உக்காருளா."

சலேத் மேலே இருந்த கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தவர், அவள் கையைப் பார்த்துவிட்டு, "சீட்டு காலியாத்தானம்மா இருக்கு, உக்காருங்க" என்றார். உப்போடைப் பாலம் வந்தது, குட்டைகள் வந்தன, குட்டைகளின்மேல் மழை பெய்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் ஏறி அந்த இடத்தைப் பார்த்தார்கள், நிற்கிற அவளைப் பார்த்தார்கள், அவளுக்கு உரியது என்று நினைத்து விட்டுவிட்டார்கள். டவுன் வரும்வரை அது காலியாகவே போனது. அவள் நின்றுகொண்டே போனாள்.